பில் எண் தீரும் முன்: போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் ஒரு நெடுவரிசையின் சார்புகளைக் கண்டுபிடித்தல்

ஒரு சில்லறை விற்பனைத் தரவுத்தளம். அதன் நடுநாயகம் ‘பில்’ என்ற டேபிள்; ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவி ‘பில்_எண்’, இன்டீஜர் (4 பைட் முழு எண்) வகை. இன்டீஜரின் உச்சவரம்பு 2147483647, அதாவது 214 கோடியே 74 லட்சத்துச் சொச்சம். அடுத்தடுத்த எண்ணைத் தரும் சீக்வென்ஸ் 181 கோடியைத் தொட்டுவிட்டது. நாளொன்றுக்கு 12 லட்சம் எண் செலவாகிறது என்றால் மிச்சம் 281 நாள். அதற்குள் பில்_எண், 8 பைட் முழு எண்ணான பிக்இன்ட் ஆக வேண்டும். அதற்கு முன் அந்த நெடுவரிசையை நம்பியிருக்கும் எல்லாவற்றையும், அதாவது அதன் சார்புகளை, கண்டுபிடிக்க வேண்டும்.

எண் செலவாகும் வேகத்தைப் பதிவுகளின் எண்ணிக்கையை வைத்துக் கணக்கிடக் கூடாது. ரோல்பேக் ஆன, அதாவது பாதியில் கைவிடப்பட்ட பரிவர்த்தனையும் எண்ணை விழுங்கும்; முரண்பாடு வந்தால் ஒன்றும் செய்யாதே என்று எழுதிய இன்செர்ட்டும், எதையும் சேர்க்காமலே ஓர் எண்ணை விழுங்கும். சீக்வென்ஸின் தற்போதைய மதிப்பை ஒரு வார இடைவெளியில் இரண்டு முறை படித்துக் கழிப்பதுதான் சரியான கணக்கு.

இது ஆய்வுக்காகக் கட்டிய மாதிரி அமைப்பு. போஸ்ட்கிரெஸ் 14-லோ அதற்குப் பிந்தைய பதிப்பிலோ யாரும் இதைக் கட்டிப் பார்க்கலாம். யூடிஎஃப்-8 தரவுத்தளம் என்றால் டேபிள் பெயர்களைத் தமிழிலேயே வைக்கலாம், மேற்கோள் குறிகூட வேண்டாம். பெயரின் நீளம் மட்டும் 63 பைட்டுக்குள் இருக்க வேண்டும். உயிர்மெய்க் குறிகள், புள்ளி உட்பட ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட் எடுப்பதால் 21 குறியீடுகளோடு நின்றுவிடும். மீறினால் வாலை வெட்டிவிட்டு ஒரு அறிவிப்பு தரும்.

மாதிரியில் இருப்பவை: பில், அதை ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் சாவியைச் சுட்டும் கட்டுப்பாடு) வழியாகச் சுட்டும் ‘பில்_வரி’, ‘வரவு’, ஃபாரின் கீ இல்லாமல் பில்_எண்ணை வெறும் இன்டீஜராக வைத்திருக்கும் ‘திருப்பம்’ என்ற சரக்குத் திரும்பும் பதிவேடு, பில் மேல் எழுந்த ‘நாள்_விற்பனை’ வியூ (பெயரிட்டுச் சேமித்த குவெரி), அதன் மேல் ‘கடை_விற்பனை’, பில், கடை_விற்பனை இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ‘ஒப்பீடு’, ‘மாதச்_சுருக்கம்’ என்ற மெட்டீரியலைஸ்டு வியூ (முடிவையும் சேமித்துவைப்பது), ‘பில்_ரத்து’ என்ற பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் (போஸ்ட்கிரெஸின் நிரல்மொழி) ஃபங்ஷன், டேபிள் மாறும்போது தானாக ஓடும் ஓரிரு ட்ரிகர்கள், வேறொரு தரவுத்தளத்திலிருந்து பில்லைப் படிக்கும் ஒரு ஃபாரின் டேபிள்.

எந்த வழியில் மாற்றுவது என்பதே முதல் முடிவு

இரண்டு வழி உண்டு. நெடுவரிசையின் வகையை ஆல்டர் டேபிள் கட்டளையால் நேரடியாக மாற்றுவது ஒன்று. 4 பைட் இடத்தில் 8 பைட் வைக்க வேண்டியிருப்பதால் போஸ்ட்கிரெஸ் டேபிள் முழுவதையும் திரும்ப எழுதும். இண்டெக்ஸ்களையும் புதிதாகக் கட்டும். முடியும்வரை யாரும் அந்த டேபிளைப் படிக்கக்கூட முடியாது. பழையதும் புதியதும் சேர்ந்து நிற்க வட்டில் இடமும் வேண்டும். சிறிய டேபிளுக்கு இதுவே நல்ல வழி. நூறு கோடிக்கு மேல் பதிவுகள் உள்ள டேபிளில், கடை திறந்திருக்கும் நேரத்தில் இதை நினைத்தும் பார்க்க முடியாது.

இன்னொரு வழி, ‘பில்_எண்_புது’ என்று ஒரு பிக்இன்ட் நெடுவரிசையைச் சேர்ப்பது. புதிதாக வரும் பதிவுகளில் ஒரு ட்ரிகர் அதை நிரப்பும். பழைய பதிவுகளைப் பத்தாயிரம் பத்தாயிரமாகப் பின்னணியில் நிரப்பிக்கொண்டு போகலாம். எல்லாம் நிரம்பியதும் ஒரே பரிவர்த்தனையில் இரண்டின் பெயரையும் மாற்றிவிடலாம்: பழையது ‘பில்_எண்_பழைய’, புதியது ‘பில்_எண்’. பூட்டு ஒரு சில நொடிகளே.

பெரும்பாலோர் இரண்டாவதைத்தான் எடுப்பார்கள், இங்கும் அதுவே. ஆனால் சார்புத் தேடலைப் பொறுத்தவரை இந்தத் தேர்வு எல்லாவற்றையும் மாற்றிப்போடுகிறது. வகையை நேரடியாக மாற்ற முயன்றால் தரவுத்தளமே குறுக்கே நிற்கும்: வியூவோ ரூலோ (குவெரியை மாற்றி எழுதும் விதி) பயன்படுத்தும் நெடுவரிசை, ட்ரிகர் வரையறையில் உள்ள நெடுவரிசை, பாதுகாப்புப் பாலிசியில் உள்ள நெடுவரிசை, ஜெனரேட்டட் (பிற நெடுவரிசைகளிலிருந்து கணக்கிடப்படும்) நெடுவரிசை நம்பியிருக்கும் நெடுவரிசை என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பிழைச்செய்தி வைத்திருக்கிறது. பெயர் மாற்றத்துக்கு அப்படி ஒரு காவலும் கிடையாது. எத்தனை வியூ தொங்கினாலும் பெயர் மாறிவிடும். ஒரு எச்சரிக்கையும் வராது. சார்புப் பட்டியலை நாமே முழுமையாக எடுக்க வேண்டிய கட்டாயம் இங்கிருந்துதான் வருகிறது.

பெயர் மாறியபின் வியூ எதைப் படிக்கிறது

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முழு ஆய்விலும் அதிக சேதம் விளைவிக்கக்கூடியது இதுதான்.

வியூவை உருவாக்கும்போது போஸ்ட்கிரெஸ் அதன் உரையைச் சேமிப்பதில்லை. அலசி எடுத்த வடிவத்தை பிஜி_ரீரைட் கேட்டலாக்கில் (தரவுத்தளம் தன் அமைப்பைக் குறித்துவைக்கும் உள் டேபிளில்) ஒரு ரூலாக வைக்கிறது. அந்த வடிவத்தில் டேபிள் என்பது ஓர் ஓஐடி, அதாவது உள் அடையாள எண். நெடுவரிசை என்பது ஒரு வரிசை எண். பெயர் அங்கே இல்லவே இல்லை. பில் டேபிளில் பில்_எண் முதல் நெடுவரிசை, புதியது ஒன்பதாவது என்று வைத்துக்கொள்வோம். பெயர்களை இடம் மாற்றியபிறகும் நாள்_விற்பனை முதல் நெடுவரிசையையே படிக்கும், அதாவது பழையதை. வியூவின் வெளிப்புறப் பெயர் ‘பில்_எண்’ என்றே இருப்பதால் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. இனி வரும் பில்களில் பழைய நெடுவரிசை வெறுமையாக இருக்கும். அந்த வியூவை வரவு டேபிளோடு இணைக்கும் அறிக்கையில் புதிய பில்கள் சத்தமின்றி உதிர்ந்துபோகும். பிழைச்செய்தி இல்லை, விற்பனைத் தொகை மட்டும் குறைந்திருக்கும்.

உரையாக எழுதப்பட்ட ஃபங்ஷன் நேர்மாறு. அதன் உடல் வெறும் எழுத்துச்சரம். ஓடும்போதுதான் பெயர் தேடப்படும். ஆகவே பெயர் மாறிய கணத்திலிருந்து அது புதிய நெடுவரிசையைப் படிக்கும். ஒரே பரிவர்த்தனையின் மறுகரையில் ஃபங்ஷன் புதியதையும் வியூ பழையதையும் பார்த்துக்கொண்டிருக்கும். இண்டெக்ஸ், செக் கட்டுப்பாடு, குறிப்பிட்ட நெடுவரிசை மாறினால் மட்டும் எழும் ட்ரிகர், பாலிசி எல்லாம் வியூவின் கட்சிதான். பழைய எண்ணிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும்.

ஆகவே சார்புப் பட்டியலில் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் எதிரே, அது எண்ணால் கட்டப்பட்டதா, பெயரால் கட்டப்பட்டதா என்று குறித்துவைக்க வேண்டும். எண்ணால் கட்டப்பட்டவற்றைப் பெயர் மாற்றும் அதே பரிவர்த்தனையில் நீக்கித் திரும்ப உருவாக்க வேண்டும். பெயரால் கட்டப்பட்டவற்றில் உள்ளே இருக்கும் வகைகளைச் சரிபார்க்க வேண்டும்.

கேட்டலாக்கில் எழுதிவைத்த சார்புகள்

தொடங்குமிடம் பிஜி_டிபெண்ட். ஒவ்வொரு பதிவும் ‘இது அதைச் சார்ந்தது’ என்ற ஒற்றை உறவு. சார்ந்திருப்பதைக் கிளாஸ்ஐடி, ஆப்ஜெக்ட்ஐடி, ஆப்ஜெக்ட்_சப்ஐடி என்ற மூன்றும் சுட்டும். சார்ந்திருக்கப்படுவதை அதே மூன்றின் முன்னால் ‘ரெஃப்’ சேர்த்த நெடுவரிசைகள் சுட்டும். சப்ஐடி என்பது நெடுவரிசையின் வரிசை எண். 0 என்றால் முழு டேபிள். கடைசி நெடுவரிசை சார்பின் வகை: ‘என்’ சாதாரணம், ‘ஏ’ தானாக நீங்குவது, ‘ஐ’ உள்ளார்ந்தது, ‘இ’ எக்ஸ்டென்ஷனுக்குச் சொந்தமானது. வெறும் எண்களாகத் தெரிவதைப் படிக்கும்படி மாற்ற பிஜி_டிஸ்கிரைப்_ஆப்ஜெக்ட் என்ற ஃபங்ஷனுக்குக் கிளாஸ்ஐடி, ஆப்ஜெக்ட்ஐடி, சப்ஐடி மூன்றையும் கொடுத்தால் போதும்.

முதல் முறை பார்ப்பவர்களைக் குழப்புவது, வியூவின் பெயர் நேரடியாக அங்கே இல்லாததுதான். பில் டேபிளைச் சார்ந்திருப்பது வியூ அல்ல, வியூவின் ரூல். எனவே கிளாஸ்ஐடி பிஜி_ரீரைட் ஆக உள்ள பதிவுகளை எடுத்து, ஆப்ஜெக்ட்ஐடியை பிஜி_ரீரைட்டின் ஓஐடியோடு இணைத்து, அங்கிருந்து ஈவி_கிளாஸ் வழியாக பிஜி_கிளாஸுக்குப் போனால்தான் வியூ கிடைக்கும். ரெல்கைண்ட் ‘வி’, ‘எம்’ இரண்டையும் எடுக்க வேண்டும். ‘வி’ மட்டும் எடுத்தால் மாதச்_சுருக்கம் போன்ற மெட்டீரியலைஸ்டு வியூக்கள் விட்டுப்போகும்.

இன்ஃபர்மேஷன் ஸ்கீமாவில் வியூ_காலம்_யூசேஜ் என்று எளிதான ஒன்று இருக்கிறதே என்று அதில் நின்றுவிடக் கூடாது. நம் ரோலுக்குச் சொந்தமான டேபிள்களின் நெடுவரிசைகளை மட்டுமே அது காட்டும். உரிமை குறைந்த பயனராக ஓட்டினால் பட்டியல் காலியாக வரும். சார்பே இல்லை என்று நம்பத் தோன்றும். மெட்டீரியலைஸ்டு வியூ எஸ்க்யூஎல் தரத்தில் இல்லாததால் அங்கே ஒருபோதும் தென்படாது.

வியூ மேல் வியூ என்று அடுக்குகள் இருப்பதால் குவெரி ரிகர்சிவ் (தன் முடிவையே எடுத்து மீண்டும் தேடுவது) ஆக வேண்டும். மூன்று நுணுக்கங்கள்:

முதல் அடுக்கில் மட்டும் நெடுவரிசை எண்ணால் வடிகட்டுங்கள். நாள்_விற்பனை பில்_எண்ணைப் பயன்படுத்துவதால் அது நீக்கப்படப்போகிறது. நீக்கப்படும் வியூவின் எந்த நெடுவரிசையைச் சார்ந்திருந்தாலும் மேல் வியூவும் நீங்க வேண்டும். இரண்டாவது அடுக்கிலிருந்து வடிகட்டினால் பாதி பட்டியல் காணாமல் போகும். சப்ஐடி 0 ஆக உள்ள பதிவுகளையும் தனியே எடுத்துப் பாருங்கள். முழுப் பதிவையே ஒரு மதிப்பாகக் கையாளும் வியூக்கள் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

ஒரு ரூல் தன் சொந்த வியூவைச் சுட்டும் பதிவும் பிஜி_டிபெண்டில் உண்டு. அதைக் கழிக்காவிட்டால், அடுக்கு எண்ணைச் சேர்த்துக்கொண்டே போகும் ரிகர்சிவ் குவெரி நிற்கவே நிற்காது. வியூவின் ஓஐடியும் சுட்டப்படுவதன் ஓஐடியும் வேறாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

மூன்றாவது, வைர வடிவம். ஒப்பீடு பில்லை நேரடியாகவும் படிக்கிறது, கடை_விற்பனை வழியாகவும் படிக்கிறது. குவெரியில் அது அடுக்கு 1-லும் வரும், அடுக்கு 3-லும் வரும். முதலில் வந்த அடுக்கை எடுத்துக்கொண்டு வரிசைப்படுத்தினால், கடை_விற்பனை பிறக்கும் முன்னே ஒப்பீட்டை உருவாக்கப் போய், அப்படி ஒரு ரிலேஷன் இல்லை என்று முட்டும். ஒவ்வொரு வியூவுக்கும் ஆகப் பெரிய அடுக்கை எடுங்கள். நீக்குவது பெரிய அடுக்கிலிருந்து கீழே. உருவாக்குவது அடுக்கு 1-இலிருந்து மேலே.

நட்சத்திரக் குறி போட்டு எழுதிய வியூ பில்_எண்ணைப் பயன்படுத்தவில்லை என்று தோன்றலாம். உருவாக்கும் கணத்திலேயே நட்சத்திரம் விரிந்து, அன்றிருந்த எல்லா நெடுவரிசைகளும் உள்ளே போய்விடும். மாதிரியில் நாள்_விற்பனை அப்படிப்பட்டதுதான்.

வியூ தவிர

ஃபாரின் கீகளை பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட்டில் கன்ஃப்ரெல்ஐடி பில்லாக இருப்பவை என்று கேட்டால் பில்_வரி, வரவு இரண்டும் வரும். பிக்இன்ட் சாவியை இன்டீஜர் நெடுவரிசை ஃபாரின் கீயாகச் சுட்டுவதை போஸ்ட்கிரெஸ் அனுமதிக்கும். தாய் டேபிளை மட்டும் மாற்றிவிட்டுக் குழந்தைகளை மறந்தால் எல்லாம் சரியாக ஓடுவதுபோலவே இருக்கும், 2147483648-ஆவது பில்லுக்கு முதல் வரியைப் போடும்வரை.

சீக்வென்ஸ் அடுத்த கண்ணி. சீரியல் வகையாக அறிவித்த நெடுவரிசையின் சீக்வென்ஸ் ‘ஏ’ வகைச் சார்பாகத் தெரியும். 10-ஆம் பதிப்பிலிருந்து சீக்வென்ஸுக்கே தரவு வகை உண்டு. சீரியல் உருவாக்குவது இன்டீஜர் சீக்வென்ஸ். நெடுவரிசையைப் பிக்இன்ட் ஆக்கினாலும் சீக்வென்ஸ் பழைய உச்சவரம்பிலேயே நின்று, உச்ச மதிப்பை எட்டிவிட்டது என்று பில் போடுவதை நிறுத்தும். ஆல்டர் சீக்வென்ஸ் கட்டளையால் அதையும் பிக்இன்ட் ஆக்க வேண்டும். சீரியலுக்கு மாற்றான ஐடென்டிட்டி நெடுவரிசையின் வகையை நேரடியாக மாற்றும்போது சீக்வென்ஸும் கூடவே மாறும்; பெயர் மாற்றும் வழியில் அந்த வசதி இல்லை. சீக்வென்ஸ் இன்னும் பழைய நெடுவரிசைக்கே சொந்தம் என்பதையும் கவனியுங்கள். சொந்தத்தை மாற்றாமல் பழைய நெடுவரிசையை நீக்கப் போனால், சீக்வென்ஸும் சேர்ந்து நீங்கப் பார்க்கும். புதிய நெடுவரிசையின் இயல்பு மதிப்பு அதைச் சார்ந்திருந்தால் மட்டுமே தடை வரும்.

அந்த இயல்பு மதிப்பிலும் ஒரு பிரிவு. அடுத்த எண்ணைக் கேட்கும் நெக்ஸ்ட்வேலுக்குள் சீக்வென்ஸ் பெயர் ரெக்கிளாஸ் (ஓஐடியாக மாற்றிய பெயர்) வகையாக இருந்தால் சார்பு பதிவாகும். டெக்ஸ்ட் வகையாக மாற்றி எழுதியிருந்தால் ஓடும்போது தேடப்படும் வெறும் சரம், சார்பு பதிவாகாது.

முதன்மைச் சாவியைச் சார்ந்த வியூ என்று ஒன்று இருக்கும் என்பது பலருக்குப் புதிதாக இருக்கும். குரூப் பையில் முதன்மைச் சாவியை மட்டும் கொடுத்துவிட்டு, அதே டேபிளின் மற்ற நெடுவரிசைகளையும் செலக்ட்டில் கேட்கலாம். சாவி தனித்தன்மை தருவதால் போஸ்ட்கிரெஸ் ஒப்புக்கொள்ளும். அப்படி எழுதிய வியூ அந்தக் கட்டுப்பாட்டையே சார்ந்துவிடுகிறது. பெயர் மாற்றும் பரிவர்த்தனையின் நடுவில் பழைய முதன்மைச் சாவியை நீக்கும்போது, இன்னும் நீக்காமல் விட்ட ஒரு வியூ வந்து தடுப்பது இதனால்தான். பிஜி_டிபெண்டில் ரெஃப்கிளாஸ்ஐடி பிஜி_கன்ஸ்ட்ரெயின்ட் ஆக உள்ள பதிவுகளையும் கேட்டுவையுங்கள்.

எல்லாவற்றையும் எடுத்துவிட்டோமா என்று சோதிக்க மலிவான வழி: பிஜி_டம்ப்பில் ஸ்கீமாவை (தரவு இல்லாத வரையறைகளை) மட்டும் எடுத்து ஒரு காலித் தரவுத்தளத்தில் ஏற்றி, அங்கே பில் டேபிளைக் கேஸ்கேட் (சார்ந்தவற்றையும் சேர்த்து நீக்கும் விருப்பம்) இல்லாமல் நீக்கச் சொல்வது. நீங்காது, ஆனால் சார்ந்திருப்பவற்றையெல்லாம் விவரத்தில் பட்டியலிடும். 100 வரைதான் செய்தியில் வரும், மீதியை சர்வர் லாகில் பார்க்க வேண்டும். அதே நகலில் நெடுவரிசையின் வகையை நேரடியாக மாற்றியும் பாருங்கள். அது முதலில் தட்டுப்படும் ஒரே ஒரு தடையைச் சொல்லி நிற்கும். ஒன்றை நீக்கினால் அடுத்ததைச் சொல்லும். நம் பட்டியலில் உள்ள வரிசைப்படி எல்லாவற்றையும் நீக்கியபின் தடையின்றி மாறினால் கேட்டலாக் அளவில் பட்டியல் முழுமை. உண்மைத் தரவுத்தளத்தில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். பின்னர் ரோல்பேக் செய்தாலும், நீக்கும் கட்டளை பூட்டை எடுத்துக்கொண்டுதான் யோசிக்கும்.

உரைக்குள் மட்டும் இருக்கும் சார்புகள்

பிஎல்/பிஜிஎஸ்க்யூஎல் ஃபங்ஷனின் உடலில் உள்ள டேபிள் பெயர்கள் பிஜி_டிபெண்டில் ஒருபோதும் வராது. எஸ்க்யூஎல் மொழி ஃபங்ஷனும் சரமாக எழுதியிருந்தால் அப்படியே. 14-ஆம் பதிப்பில் வந்த பிகின் அட்டாமிக் வடிவில் எழுதியவை மட்டும் அலசப்பட்டுச் சார்போடு பதிவாகும். அவை வியூவைப்போலவே எண்ணால் கட்டப்பட்டவை.

வழக்கமான தேடல் பிஜி_ப்ராக்கின் ப்ரோசோர்ஸில் பெயரைத் தேடுவது. அட்டாமிக் ஃபங்ஷன்களின் உடல் வேறு நெடுவரிசையில் இருப்பதால் இந்தத் தேடலில் அவை தப்பிவிடும். பிஜி_கெட்_ஃபங்ஷன்டெஃப் தரும் முழு வரையறையில் தேடினால் இரண்டும் அகப்படும். அக்ரிகேட்டுகளைக் கொடுத்தால் அது பிழை எறியும். ப்ரோகைண்ட் மூலம் ஃபங்ஷன், ப்ரொசீஜர் இரண்டை மட்டும் வடிகட்டிக்கொள்ளுங்கள். ‘பில்’ என்று தேடினால் பில்_வரி, பில்_ரத்து எல்லாம் சேர்ந்து வரும். அதைப் பொறுத்துக்கொள்ளலாம், கூடுதலாக வந்ததைக் கண்ணால் கழிப்பது எளிது, வராததைக் கண்டுபிடிப்பது கடினம்.

பிஎல்பிஜிஎஸ்க்யூஎல்_செக் எக்ஸ்டென்ஷன் இருந்தால் வேலை பாதி குறையும். ஃபங்ஷனை ஓட்டாமலே அதன் உள்ளிருக்கும் குவெரிகளை அலசி, எந்தெந்த டேபிளையும் ஃபங்ஷனையும் தொடுகிறது என்று பட்டியல் தரும். ட்ரிகர் ஃபங்ஷனுக்கு எந்த டேபிளுக்கான ட்ரிகர் என்பதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

பில்_ரத்து ஃபங்ஷனைக் கிட்டே போய்ப் பார்ப்போம். அதன் உள்ளீட்டு அளவுரு ‘பில்.பில்_எண் என்பதன் வகை’ என்று பர்சன்ட் டைப் குறியால் அறிவிக்கப்பட்டிருக்கிறது. உள்ளே இரண்டு மாறிகள்: ஒன்று அதே பர்சன்ட் டைப், மற்றொன்று நேரடியாக இன்டீஜர். மூன்றும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மூன்றுக்கும் மூன்று விதி.

அளவுருவில் உள்ள பர்சன்ட் டைப், ஃபங்ஷனை உருவாக்கும் நேரத்திலேயே இன்டீஜராக மாற்றிச் சேமிக்கப்பட்டுவிட்டது. மாற்றிவிட்டேன் என்று அன்றே ஒரு அறிவிப்பும் வந்திருக்கும். நெடுவரிசை பிக்இன்ட் ஆனாலும் அளவுரு மாறாது. பிக்இன்ட் மதிப்பைக் கொடுத்து அழைத்தால் அப்படி ஒரு ஃபங்ஷன் இல்லை என்று பிழை வரும். பிக்இன்ட்டைத் தானாக இன்டீஜராகச் சுருக்கி ஃபங்ஷனைத் தேட போஸ்ட்கிரெஸ் சம்மதிக்காது. உள்ளே உள்ள பர்சன்ட் டைப் மாறி ஓடும்போது தீர்மானிக்கப்படுவதால் புதிய வகையை எடுத்துக்கொள்ளும். நேரடி இன்டீஜர் மாறிதான் வெடிகுண்டு: இன்றைய பில் எண்கள் 214 கோடிக்குள் இருக்கும்வரை பிக்இன்ட் மதிப்பை வாங்கிக்கொண்டு ஒழுங்காக ஓடும். எல்லை தாண்டிய நாளில் இன்டீஜர் வரம்பு மீறல் என்று விழும்.

அளவுருவைத் திருத்தும்போதும் ஒரு சறுக்கல். கிரியேட் ஆர் ரீப்ளேஸ் என்று பிக்இன்ட் அளவுருவோடு எழுதினால் பழையது மாற்றப்படாது. கையொப்பம் வேறு என்பதால் இரண்டாவது ஃபங்ஷன் ஒன்று பக்கத்தில் பிறக்கும். எண்ணை நேரடியாக எழுதி அழைக்கும் இடங்கள் இன்டீஜர் வடிவத்தையே தேர்ந்தெடுக்கும், ஆகவே பழைய நிரலே ஓடும். பழையதைப் பெயர் சொல்லி நீக்குங்கள்.

ஓடும்போது மட்டும் தெரிபவை

டேபிள் பெயரையே துண்டு துண்டாக ஒட்டிக் கட்டும் டைனமிக் எஸ்க்யூஎல்லை எந்த உரைத் தேடலும் பிடிக்காது. அதற்கு, ஓடிய கட்டளைகளை எண்ணிவைக்கும் பிஜி_ஸ்டாட்_ஸ்டேட்மென்ட்ஸ் எக்ஸ்டென்ஷன்தான் வழி. இயல்பில் அது வெளியிலிருந்து வரும் கட்டளைகளை மட்டும் எண்ணும். ட்ராக் அமைப்பை ‘ஆல்’ ஆக்கினால்தான் ஃபங்ஷனுக்குள் ஓடுபவையும் வரும். ட்ராக்_ஃபங்ஷன்ஸ் இயல்பில் அணைந்திருக்கும். அதையும் ஏற்றிவைத்தால் எந்த ஃபங்ஷன் எத்தனை முறை அழைக்கப்பட்டது என்று தெரியும். குறைந்தது ஒரு மாத முடிவாவது இந்தக் கண்காணிப்புக்குள் வரவேண்டும். வைத்திருக்கும் கட்டளைகளின் எண்ணிக்கை இயல்பில் 5000. நிரம்பினால் அரிதாக ஓடுபவை முதலில் வெளியேறும். நாம் தேடுவது அந்த அரிதானவற்றைத்தான். எண்ணிக்கையை உயர்த்துங்கள், அல்லது தினமும் ஒரு பிரதி எடுத்துவையுங்கள்.

ஃபாரின் கீ இல்லாத திருப்பம் போன்ற டேபிள்களுக்குப் பெயரும் வகையும்தான் துப்பு. பெயரில் ‘பில்’ வரும் எல்லா இன்டீஜர் நெடுவரிசைகளையும் எடுங்கள். பெயர் உதவாத இடத்தில் புள்ளிவிவரம் உதவும்: பிஜி_ஸ்டாட்ஸில் ஒரு இன்டீஜர் நெடுவரிசையின் ஹிஸ்டோகிராம் உச்சம் 181 கோடிக்குப் பக்கத்தில் இருந்தால், ‘குறிப்பு_2’ என்று பெயர் வைத்திருந்தாலும் அது பில் எண்ணாகத்தான் இருக்க வாய்ப்பு அதிகம்.

பிஜி_டிபெண்ட் தன் தரவுத்தளத்துக்கு வெளியே பார்க்காது. அறிக்கைத் தரவுத்தளத்தில் உள்ள ஃபாரின் டேபிளில் பில்_எண் இன்டீஜர் என்று அறிவித்திருந்தால், எல்லை தாண்டிய முதல் பதிவைப் படிக்கும்போது விழும். பதிவு மாற்றங்களை வேறொரு தரவுத்தளத்துக்கு அனுப்பும் லாஜிக்கல் ரெப்ளிகேஷனில் ஸ்கீமா மாற்றங்கள் போவதில்லை. பெறும் பக்கத்தில் நெடுவரிசையை முன்கூட்டியே பெரிதாக்கி வைக்காவிட்டால் அதே கதிதான்.

செயலிப் பக்கமும் சார்புதான். நிரலில் 32 பிட் எண்ணாக வாங்குபவை ஒருபுறம். நோட் சூழலில் பரவலாகப் புழங்கும் போஸ்ட்கிரெஸ் டிரைவர் பிக்இன்ட்டை எண்ணாக அல்ல, சரமாகத் தருகிறது. வகை மாறிய அன்றே, எல்லைக்குப் பல மாதங்கள் முன்பே, எண்ணோடு சரத்தைக் கறாராக ஒப்பிடும் நிபந்தனைகள் பொய்க்கும். திறந்திருக்கும் இணைப்புகளில் தயார் நிலையில் உள்ள கட்டளைகள், முடிவின் வகை மாறிவிட்டது என்று மறுக்கும். மாற்றம் முடிந்ததும் இணைப்புக் குளத்தைப் புதுப்பிக்க வேண்டும்.

நீக்கித் திரும்ப உருவாக்கும்போது தொலைபவை

வியூவைக் கிரியேட் ஆர் ரீப்ளேஸ் மூலம் திருத்த முடியாது. ஏற்கனவே உள்ள வியூ நெடுவரிசையின் வகையை இன்டீஜரிலிருந்து பிக்இன்ட் ஆக்க அது மறுக்கும். நீக்கித்தான் ஆக வேண்டும். பிஜி_கெட்_வியூடெஃப் தருவது செலக்ட் பகுதியை மட்டும். கிராண்ட் உரிமைகள், உரிமையாளர், குறிப்புரைகள், செக்யூரிட்டி பேரியர் போன்ற விருப்பங்கள், வியூ மேல் உள்ள ட்ரிகர்கள், மெட்டீரியலைஸ்டு வியூவின் இண்டெக்ஸ்கள் எல்லாம் அதில் இல்லை. அறிக்கைப் பயனர்கள் மறுநாள் காலை அனுமதி இல்லை என்று நிற்பது இதனால்தான். பிஜி_டம்ப்பில் ஸ்கீமா மட்டும், குறிப்பிட்ட வியூக்கள் மட்டும் என்று கேட்டு எடுத்தால் அநேகமாக எல்லாம் சேர்ந்து வரும். பெயர் மாற்றத்துக்கு முன்பே எடுத்துவையுங்கள். பின்னால் எடுத்தால் உள்ளே ‘பில்_எண்_பழைய’ என்று எழுதியிருக்கும். தனித்தன்மை இண்டெக்ஸ் இல்லாத மெட்டீரியலைஸ்டு வியூவைப் பூட்டாமல் புதுப்பிக்க முடியாது என்பதால், மாதச்_சுருக்கத்தின் இண்டெக்ஸ் தொலைந்தால் இரவு வேலையும் விழும்.

பரிவர்த்தனையின் வரிசை இப்படி அமைகிறது: பூட்டுக்குக் காத்திருக்கும் நேரத்தை 5 நொடிக்குக் கட்டுப்படுத்துவது, பெரிய அடுக்கிலிருந்து வியூக்களை நீக்குவது, ஃபாரின் கீகளையும் முதன்மைச் சாவியையும் நீக்குவது, பெயர்களை மாற்றுவது, பழைய நெடுவரிசையின் வெறுமைத் தடையையும் (நாட் நல்) இயல்பு மதிப்பையும் எடுப்பது, முன்பே பின்னணியில் கட்டிவைத்த தனித்தன்மை இண்டெக்ஸைக் கொண்டு முதன்மைச் சாவியை அமைப்பது, சீக்வென்ஸைப் பிக்இன்ட் ஆக்கிப் புதிய நெடுவரிசைக்குச் சொந்தமாக்கி இயல்பு மதிப்பைப் பொருத்துவது, நிரப்பும் ட்ரிகரை எடுத்துவிடுவது, ஃபாரின் கீகளைப் பழைய பதிவுகளைச் சரிபார்க்காத நிலையில் சேர்ப்பது, அடுக்கு 1-இலிருந்து வியூக்களை எழுப்பி உரிமைகளைத் தருவது. ஃபாரின் கீ சரிபார்ப்பைப் பிறகு தனியே ஓட்டலாம். மெட்டீரியலைஸ்டு வியூவைத் தரவு இல்லாமல் உருவாக்கி, பரிவர்த்தனை முடிந்ததும் நிரப்புங்கள். இல்லாவிட்டால் அது கணக்கிட்டு முடிக்கும்வரை பில் பூட்டிலேயே இருக்கும்.

பிற தரவுத்தளங்களில்

ஆரக்கிளில் நிலைமை எளிது: டிபிஏ_டிபெண்டென்சீஸ் வியூக்களோடு பிஎல்/எஸ்க்யூஎல் நிரல்களின் சார்புகளையும் வைத்திருக்கிறது. எஸ்க்யூஎல் சர்வரில் 2008 பதிப்பிலிருந்து சிஸ்.எஸ்க்யூஎல்_எக்ஸ்பிரஷன்_டிபெண்டென்சீஸ் உண்டு, இல்லாத டேபிளைச் சுட்டும் ப்ரொசீஜரையும் அது பெயரால் பதிந்துவைக்கும், ஐடி மட்டும் வெறுமையாக இருக்கும். பழைய எஸ்பி_டிபெண்ட்ஸை நம்ப வேண்டாம். டைனமிக் எஸ்க்யூஎல் விஷயத்தில் இந்த இரண்டும் போஸ்ட்கிரெஸைப்போலவே குருடு.

எல்லைக்கு அப்பால் ஒரு பில்

பட்டியல் எவ்வளவு கவனமாக எடுத்தாலும், பதிவாகாத சார்புகளை வெளியே இழுக்க ஒரு சோதனை போதும். மாற்றம் முடிந்த சோதனைத் தரவுத்தளத்தில் சீக்வென்ஸை 2147483648-இலிருந்து தொடங்கவைத்து, பில் போடுவது, வரவு வைப்பது, ரத்து செய்வது, சரக்குத் திருப்பம், நாள் முடிப்பு, மாத முடிப்பு, அறிக்கைத் தரவுத்தளத்தின் வாசிப்பு என்று முழுச் சுற்றையும் ஓட்டுங்கள். இன்டீஜர் வரம்பு மீறல் என்று லாகில் விழும் ஒவ்வொரு வரியும் விட்டுப்போன ஒரு சார்பு. மாதிரியில் பில்_ரத்து மாறி, திருப்பம் டேபிள், ஃபாரின் டேபிள் மூன்றும் இப்படித்தான் வெளிப்படும்.

சத்தமில்லாமல் பழையதைப் படிக்கும் வியூ மட்டும் இந்த வலையில் விழாது. அதற்குத் தனியாக ஒரு கேள்வி: பெயர் மாற்றியபின், பிஜி_டிபெண்டில் பில்_எண்_பழைய என்பதன் வரிசை எண்ணைச் சார்ந்து ஏதாவது பதிவு மிஞ்சியிருக்கிறதா? உண்மைத் தரவுத்தளத்திலும் கமிட்டுக்கு முன்னால் இதே கேள்வியைக் கேளுங்கள். பழைய எண்ணின் மேல் உள்ள சாதாரண இண்டெக்ஸ்கள் மிஞ்சினால் பரவாயில்லை. ஒரு ரூல் மிஞ்சினாலும் ரோல்பேக் செய்துவிடுங்கள். பழைய நெடுவரிசையை ஒரு மாத முடிவு கடந்தபின், கேஸ்கேட் சேர்க்காமல் நீக்குங்கள்.